தீப்பெட்டி கேட்காத மாமனார்

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயலில் காலாப்பட்டில் இருந்த எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்து என் மாமனார் சொன்னது ஒன்றுதான்: “மண்ணுல உசுரு இல்லம்மா. இனிமே எதை வெச்சாலும் நிக்காது.”

அது செம்மண் மேடு. மழை பெய்தால் தண்ணீர் சிவப்பாக ஓடும். ஆனால், பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறதே! 1968-ல் தொடங்கியபோது அதுவும் இப்படிப் பொட்டல் மேடுதான். கரை போட்டு மழைநீரை நிறுத்தி, மரம் நட்டுக் காடாக்கினார்கள்.

அந்தத் தைரியத்தில் முந்திரியும் மாவும் மறுபடி நட்டோம். வேலிக்குக் கிளைரிசிடியா போத்து ஊன்றினோம். அது வெட்ட வெட்டத் தழையும். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும்.

கவாத்து செய்த கிளைகளைக் குவித்து எரிப்பது மாமனார் வழக்கம். “சாம்பலும் உரந்தாம்மா” என்பார். உண்மைதான். ஆனால், தழைச்சத்து புகையோடு போய்விடுமே!

“நான் பாத்துக்கறேன் மாமா” என்று கிளைகளை நறுக்கி, கன்றுகளைச் சுற்றி மண்ணோடு கொத்திவிட்டேன். இரண்டே மாதத்தில் கன்றுகள் வெளிறிப்போயின. மாமனார் எதுவும் பேசவில்லை. தீப்பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வேளாண்மை படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்தான் புரியவைத்தாள். “குச்சியைச் செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேணும்க்கா. மண்ணுல இருக்கறதை அதுங்க எடுத்துக்கிட்டா, கன்னு பட்டினிதான். புதைக்காதீங்க, மேலாப்புல போடுங்க.”

அன்றிலிருந்து முதலில் பச்சைத் தழை, அதன்மேல் நறுக்கிய குச்சி என்று மூடாக்கு போட்டோம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கூடவே ஜீவாமிர்தம்: 200 லிட்டர் தண்ணீரில் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, தோப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் இரண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டு, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றினோம்.

கன்றுகள் மெல்லத் தேறின. மூன்றாவது ஐப்பசி மழை விட்ட மறுநாள், மாமனார் மூடாக்கை விலக்கிப் பார்த்தார். நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை. அதன் கீழே மண்புழு எச்சம். ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தார். பிறகு வாய்க்காலைக் காட்டினார்.

“தண்ணி செவப்பா ஓடலையேம்மா!”

இந்த வருடமும் வேலியைக் கழித்தோம். தீப்பெட்டி சாமி மாடத்திலேயே இருக்கிறது.