அம்மாவின் தேங்காயெண்ணெயும் காரின் தோலிருக்கையும்

கனடாவுக்கு வந்த எம்மவர்க்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. அதிகாலை வேலைக்கும், பிள்ளைகளின் பாடசாலைக்கும், வைத்தியசாலைக்கும் அதுவே எமது கால். 1991ஆம் ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்த நாம், கணவனும் மனைவியுமாக ஏழு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், 1998இன் கோடையில் பாவித்த கார் ஒன்றை வாங்கினோம். அதன் இருக்கைகள் சாம்பல் நிறத் தோலாலானவை. துணியை விடத் தோல் நீண்டகாலம் உழைக்கும் என்று விற்றவர் கூறினார். அதற்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை அவர் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எம்மிடம் வந்து சேர்ந்தார். அவர் கண்ட முதற் குளிர்காலமே கடுமையானதாக அமைந்தது. 1999 ஜனவரியில் இரு கிழமைகளுக்குள் ஒரு மீற்றருக்கும் அதிகமான பனி கொட்ட, நகரபிதா இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். தொலைக்காட்சியில் சீருடைகளைக் கண்ட அம்மா எழுந்து சென்று யன்னல் திரையை இழுத்து மூடினார். பனி அள்ள வந்தவர்கள் என்பதை அவருக்கு விளங்கவைக்க எமக்கு வெகுநேரமாயிற்று.

அந்தப் பனி எமது காருக்குள்ளும் வந்தது. சப்பாத்துகளில் ஒட்டிய வீதியுப்பும் ஈரமும் இருக்கையின் ஓரங்களில் வெண்படலமாகக் காய்ந்தன. இரவுவேலைத் தலத்தின் திறந்த தரிப்பிடத்தில் எட்டு மணிநேரம் நின்ற காரில் தோல் பலகைபோல் விறைத்திருக்கும். அதன்மீது பாரத்தோடு அமர்ந்து, ஹீற்றரின் உலர்ந்த வெப்பக்காற்றை முழுவேகத்தில் திறந்துவிடுவோம். மாசி மாதத்துக்குள் சாரதி இருக்கையின் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின.

அம்மா அதைப் பார்த்தார். ஒருநாள் பகல் நாம் உறங்கிக்கொண்டிருந்தபோது, தமது பித்தவெடிப்புக்குப் பூசும் தேங்காயெண்ணெயை எடுத்துச் சென்று, மாடிக்குடியிருப்பின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நின்ற காரின் இருக்கைகள் அனைத்துக்கும் பூசிவிட்டார். அன்றிரவுக் குளிரில் எண்ணெய் உறைந்து தையல்களில் வெண்மெழுகாய் நின்றது. எமது உடுப்புகளும் பழுதாயின. களைப்பும் கோபமுமாக அவரைக் கடிந்துகொண்டோம்.

"தோல் எண்டால் எண்ணெய் குடிக்கத்தானே வேணும், பிள்ளையள்" என்று மட்டும் கூறிவிட்டு அம்மா அறைக்குள் போய்விட்டார். இரண்டு நாள்கள் அவர் எம்முடன் காரில் ஏறவில்லை.

கார் துப்புரவு நிலையமொன்றில் பல ஆண்டுகள் வேலை செய்த ஊர் நண்பர் ஒருவரிடம் முறையிட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அம்மா சொன்னதில் பாதி சரி" என்றார். காரின் தோல் பெரும்பாலும் வர்ணப்பூச்சும் அதன்மேல் மெல்லிய காப்புப்படலமும் இட்டது. சமையல் எண்ணெய் அதனுள் ஊறாது. மேலே நின்று அழுக்கைச் சேர்க்கும், நாட்பட நாறும். உப்பையும் வியர்வையையும் அகற்றுவதே முதல் வேலை. பதமூட்டுவது அதன் பின்னர்தான். எல்லாவற்றுக்கும் முன் தோலுக்குச் சூடு வேண்டும். விறைத்த தோலைத் தேய்த்தால் வெடிப்புப் பெருகும். பூசும் களிம்பும் பரவாது திட்டுத்திட்டாய் நிற்கும்.

அவர் கூறியபடி, அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கினோம். மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றுவோர் உளர். அது உயிராபத்து, நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு கொல்லும்வரை தெரியாது.

முதலில் தையலிடுக்குகளின் மணலை உறிஞ்சியெடுத்தோம். தோலுக்கென விற்கும் திரவத்தைத் துணியில் சிறிதளவு எடுத்து, மறைவான ஓரிடத்தில் பரிசோதித்தபின், மென்மையான தூரிகையால் சிறுசிறு பகுதியாகத் துடைத்தோம். அம்மாவின் எண்ணெய் அகல மூன்று முறை வேண்டியிருந்தது. ஈரத்தை உடனே ஒற்றியெடுத்து, நன்கு உலர்ந்தபின் பதமூட்டும் களிம்பை மிக மெல்லியதாகப் பூசி, சற்றுநேரத்தில் மிகுதியைத் துடைத்தோம். நீர் கலந்த இத்திரவங்கள் உறைந்தால் பிரிந்து கெட்டுவிடும். ஆகவே போத்தல்களைக் காரில் விடாது வீட்டினுள் வைத்தோம். துளையிட்ட தோலும் சூடேற்றும் கம்பிகளும் கொண்ட இருக்கைகளை வைத்திருப்போர், சூட்டை நிறுத்திவிட்டு, துளைகளுள் ஈரம் இறங்காது துடைத்தல் வேண்டும்.

வேலை முடிந்து மேலே சென்று, நண்பர் கூறியதை அம்மாவிடம் சொன்னோம். கடிந்ததற்கு வருந்துகிறோம் என்றும் சொன்னோம்.

"அப்ப மற்றப் பாதி என்ன?" என்று கேட்டார்.

"முதலில் சூடாக்க வேணுமாம், அம்மா."

"தலைக்கு வைக்கிற எண்ணெயையே சூடாக்கித்தானே வைக்கிறனான். அது தெரியாமல் போச்சே எனக்கு" என்றவர், அன்று மாலை எம்முடன் காரில் ஏறினார்.

பட்ட வெடிப்புகள் மறையவில்லை. ஆனால், 2006இல் அக்காரை விற்கும்வரை அவை பெருகவுமில்லை. இன்று கார் ஓட்டும் எமது பிள்ளைகளுக்கு, குளிர்காலத்துக்கு முன் ஒருமுறையும் பனி கரைந்தபின் ஒருமுறையும் இதைச் செய்யுமாறு சொல்லி வருகிறோம். விறைத்திருக்கும் தோலிலும், களைத்திருக்கும் மனிதரிலும், முதலில் கடுமையாகக் கைவைக்கலாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.