ஐந்து மோரிசும் நான்கு கிராண்டும்

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் 86ஆம் எண் சாலை, பந்தாயைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. மலைக்குப் பெயர் புக்கிட் தங்கா. தங்கா என்றால் மலாயில் படிக்கட்டு. பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம், நடுவில் வளைந்து வளைந்து ஏறும் தார் ரோடு. ஏர்கண்டை அணைத்தால்தான் ஏறுவேன் என்று என் கார் அடம்பிடித்தது. இதே ரோட்டில் 803 சிசி மோரிஸ் மைனர் ஒன்றை ஒரு பெரியவர் வாரம் தவறாமல் ஏற்றி இறக்குகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் கிளம்பியிருந்தேன். உண்மையைச் சொன்னால், நம்பாமல்தான் கிளம்பினேன்.

கோலா கிளாவாங் ஜெலெபு மாவட்டத்தின் தலைநகர். அப்படிச் சொன்னதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய கடைவரிசைகள், நெகிரி செம்பிலானின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மார்ட்டின் லிஸ்டருக்கு ஒரு நினைவுத் தூண், மரபு வழக்குகளுக்கென்று ஓர் அரும்பொருளகம், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். பெரியவர் கோப்பிக் கடையில் காத்திருந்தார். தோட்ட லயத்தில் பிறந்தவர். சிரம்பானில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போடக் கூடாது என்று முதல் வாயிலேயே சொல்லிவிட்டார். "பேரைப் போட்டா நாளைக்கே நாலு பேரு வெலை கேட்டு வாசல்ல நிப்பான், தம்பி."

அரைவேக்காட்டு முட்டை இரண்டைத் தட்டில் உடைத்து ஊற்றியவர், அதையே காட்டிச் சிரித்தார். "மைனரை மொதமொதல்ல பாத்துட்டு அவங்க மொதலாளி இதைத்தான் சொன்னாராம்." மோரிஸ் கம்பெனி அதிபர் லார்டு நஃபீல்டுக்கு இந்தக் காரின் உருண்டை முகம் பிடிக்கவே இல்லை, 'முட்டை' என்று முகம் சுளித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ். பத்தாண்டு கழித்து மினியையும் வரைந்தவர் அவரே. 1948 அக்டோபரில் லண்டனில் மைனர் வெளியானபோது மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டிருந்த காலம். மைனர் அவர்களுக்கான கார் அல்ல. கிராணி, டிரஸ்ஸர், பள்ளி வாத்தியார் என்று, தோட்டத்தில் துரைக்குக் கீழே, லயத்துக்கு மேலே இருந்தவர்களின் கார். "நாங்க அதோட பின்னாடியைத்தான் பாத்து வளர்ந்தோம்" என்றார் பெரியவர். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே நான்கு, வெளியே பப்பாளி மரத்தடியில் ஒன்று. ஐந்தும் மோரிஸ் மைனர். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசாமல் என் கையைப் பிடித்து, முதல் காரின் பானெட் மேல் வைத்தார். நடுவில் நாலு அங்குல அகலத்துக்குத் தட்டையாக ஒரு பட்டை ஓடுகிறது, இருபுறமும் சரிவு. "இது அழகுக்கு வெச்சதில்ல. காடி ரெடியானப்புறம் ஒல்லியா இருக்குன்னு வரைஞ்சவருக்கே தோணிப்போச்சு. மாதிரிக் காடியை நட்டநடுவுல ரெண்டா அறுத்து, தள்ளித்தள்ளி வெச்சுப் பாத்து, நாலு இஞ்சு சேத்தாரு." தயாரிப்புக்கு அச்சு வார்ப்பெல்லாம் தயாரான பிறகு எடுத்த முடிவு அது. ஆரம்பகால மைனர்களின் பம்பரைக்கூட நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டிருப்பார்கள். அறுத்து ஒட்டிய அந்தத் தழும்போடு பதினாறு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். அது 1960 டிசம்பரில்.

இனி வித்தியாசங்கள். முன்கண்ணாடி நடுக்கம்பியோடு இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தையது. ஒரே துண்டாக வளைந்திருந்தால் பிந்தையது. 1952இல் மோரிசும் ஆஸ்டினும் ஒன்றானபோது பழைய 918 சிசி எஞ்சின் போய், ஆஸ்டினின் 803 வந்தது. பிறகு 948, 1962இல் 1098. கதவுத்தூணிலிருந்து கைகாட்டி மரம்போல் நீளும் சிக்னல் 1961 வரைக்கும்தான். பெரியவர் சுவிட்சைத் திருப்பினார். ஆரஞ்சுக் கை பாதி நீண்டு நின்றுவிட்டது. விரலால் ஒரு சுண்டு. முழுசாக வந்தது.

"ஒரே காடியை எதுக்கு அண்ணே திரும்பத் திரும்ப வாங்குறீங்க?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தா ஓடாது. ரெண்டு இருந்தா ஒண்ணு ஓடும். அஞ்சு இருக்கு, மூணு ஓடுது."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். இல்லை. ஒரு காரில் தேய்ந்த சாமானின் சரியான அளவை இன்னொரு காரில் அதே சாமானைக் கழற்றித்தான் அவர் தெரிந்துகொள்கிறார். ஒரு வண்டி மற்றொன்றுக்குப் பாடப்புத்தகம். பத்து விதமான கார் வைத்திருப்பவரிடம் காசு இருக்கும். ஒரே காரைப் பல தடவை பிரித்துப் பூட்டியவரிடம்தான் அந்தக் கார் இருக்கும் என்பது என் கட்சி.

அதற்குச் சாட்சி, அவர் ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிய இரும்புத்துண்டு. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் டிரனியன். உள்ளே மரை வெட்டியிருக்கும். சக்கரத்தின் செங்குத்துக் கால் அந்த மரையில் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழல்கிறது. அதில் கிரீஸ் வற்றினால் மரை பொடியாகும். கடைசியில் ஒருநாள் கால் கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து, கார் ஒருபக்கமாக உட்கார்ந்துவிடும். நான் கையில் வாங்கிய துண்டில் மரை இருந்த சுவடே இல்லை. விரல் வழுக்கிக்கொண்டு போனது. பெயிண்ட் பளபளத்த ஒரு காரில் கழற்றியதாம். "ஸ்ப்ரேக்கு அவ்வளவு செலவு பண்ணவன் ஒரு டப்பா கிரீஸ் வாங்கல." பக்கத்துக்கு இரண்டு நிப்பிள், மேலே ஒன்று கீழே ஒன்று. கிரீஸ் கன்னால் பத்து நிமிட வேலை.

எல்லாமே அவ்வளவு சுலபமில்லை. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குள் இருக்கிறது. அதன் போல்ட்டை உருவப் போனால் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். இஸிகோனிஸைத் தெய்வம்போல் பேசும் பெரியவர், இந்த இடத்தில் மட்டும் அவரைத் தோட்டத்து வசவிலேயே திட்டினார். எழுத முடியாது.

மூன்றாவது கார் டிராவலர். பின்பாதி மரச்சட்டம். அலங்காரம் என்று நினைக்காதீர்கள். கூரையைத் தாங்குவதே அந்த ஆஷ் மரம்தான். இங்கிலாந்தில் மழையில் மக்கும் மரம், இங்கே மழையோடு கறையானுக்கும் தீனி. மூன்று சட்டங்களைச் செங்கால் மரத்தில் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார். இரும்பு மாதிரி இருக்கிறது, எடையும் அப்படித்தான். இந்த வண்டி ஓட இன்னும் நாள் பிடிக்கும். நான்காவதில், 1098இல், முன்பிருந்தவர் டாட்சன் எஞ்சினைப் பூட்டியிருந்தாராம். அதைத் தூக்கிவிட்டுப் பழையதையே தேடிப்பிடித்துப் போட்டிருக்கிறார். இதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. தினம் வேலைக்குப் போகிறவன் டாட்சன் எஞ்சின் போட்டு ஓட்டினால் என்ன கெட்டுப்போகிறது? கொட்டகையில் தூங்குவதைவிட ரோட்டில் ஓடுவது மேல். சொன்னேன். "நீ ஓட்டிப் பாத்துட்டுப் பேசு" என்று சாவியை நீட்டினார்.

803தான். சாவியைத் திருப்பியதும் முன்னால் பானெட்டுக்குள் கடிகாரம்போல் டிக் டிக் டிக். பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிறைந்ததும் தானே அடங்குகிறது. டிக்கென்று ஒரு சத்தமும் வரவில்லை என்றால் ஸ்பேனர் பிடியால் பம்பில் ஒரு தட்டு தட்ட வேண்டுமாம். முப்பது குதிரைச்சக்தி, நம் பழைய கஞ்சில் 660க்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். புக்கிட் தங்கா ஏற்றத்தில் மூன்றாவது கியர் திணறியது, இரண்டுக்கு வந்தேன். கொண்டை ஊசி வளைவில் இரண்டும் போதவில்லை. ஒன்றுக்கு இறக்கப் போனால் கியர்ப்பெட்டி கரகரவென்று கத்தியது. இந்த வண்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. பெரியவர் பொறுமையாக, "கிளச்சை மிதி. நியூட்ரல். விடு. எண்ணெயை ஒரு தட்டு. திரும்ப மிதி. இப்பப் போடு" என்றார். வெண்ணெயில் கத்திபோல விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெட்ரோலைக் காட்டி உசுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓட்டியவை இந்த மைனர்களும் இவற்றின் ஒன்றுவிட்ட உறவான ஆஸ்டின் ஏ40களும்தான். உச்சியில் நிறுத்தியபோது அதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "ஓடும்" என்றார்.

திரும்பி வந்ததும் பப்பாளி மரத்தடிக்குப் போனேன். ஐந்தாவது மைனர் அங்கே கதவில்லாமல் நிற்கிறது. அடிச்சட்டம், சக்கரக் கூடு எல்லாம் மற்ற நான்கையும்விடத் திடமாக இருக்கின்றன. இதை ஏன் முதலில் சரிசெய்யவில்லை?

"கிராண்டு இல்ல."

தோட்டத்துக் கிராணி ஒருவரின் கார். அவர் இறந்த பிறகு வீடு மாறும்போது பழைய காகிதங்களைப் பிள்ளைகள் எரித்துவிட்டார்கள். கிராண்டும், அதாவது பதிவு அட்டையும், அதில் போய்விட்டது. நம்பர் பலகையும் இல்லை. கிராண்டு இல்லாத காருக்கு ரோட் டேக்ஸ் கிடையாது, காப்புறுதி கிடையாது, பெயர் மாற்றம் கிடையாது. ஆகவே ஐந்தில் நல்ல உடம்போடு இருக்கும் கார், மற்ற நான்குக்கும் சாமான் கொடுத்தே கரைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் தாத்தாவின் கார் எங்காவது செம்பனைக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கலாம். அதைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்காது, ஆசையும் இருக்காது, விற்றுவிடுங்கள், தப்பில்லை. ஆனால் இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து அந்தக் கிராண்டைத் தேடி எடுத்து வையுங்கள்.