சயாம் மரண ரயிலும் ஒரு கிரிக்கெட் நூலும்

பிரிக்பீல்ட்ஸ் திடலில் பந்து வீசிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, போர்க்காலத்திலும் கிரிக்கெட் ஆடினார்களா?" என வினவினான்.

ஆடினார்கள். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஆங்கிலேயக் கிரிக்கெட் எழுத்தாளர் ஸ்வான்டன், 1939-ஆம் ஆண்டு விஸ்டன் நூலைச் சயாம் ரயில் பாதை முகாம்களிலும் உடன் வைத்திருந்தார். ஜப்பானியத் தணிக்கை முத்திரை பெற்ற அந்நூல் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. கைதிகளே மீண்டும் கட்டடம் செய்தனர். முகாமில் ஆட்டமும் நடந்தது.

அதே பாதையில் நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் காலராவிலும் பசியிலும் மாண்டனர். கைதிகளுக்குத் தம்முள்ளேயே மருத்துவர் இருந்தனர். நம்மவர்க்கு அதுவும் இல்லை. கிள்ளானிலிருந்து சென்ற என் பாட்டனார் திரும்பவேயில்லை. எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை நான் கண்டதில்லை.

இதைச் சொல்வதற்குள் அவன் பந்தெடுக்க ஓடிவிட்டான். பெற்றோரே, உங்கள் குடும்பத்தில் சயாம் சென்றவர் பெயர் தெரிந்தால், பிள்ளையின் குறிப்பேட்டில் எழுதி அனுப்புங்கள்.