ஆத்தா வந்த வீடு

கூட்டுக் குடும்பம் என்றதும் முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. "பட்டம் பெற்றவர், பள்ளியில் பாடம் சொல்பவர், பகுத்தறிவு பேசுபவர் - நீங்களுமா பதினான்கு பேருக்கு நடுவே பிள்ளை வளர்க்கிறீர்கள்? தனிக்குடித்தனம் போய்விட்டால் தொல்லை தீர்ந்ததே!" என்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டிமாரின் கட்டளை, சோதிடரின் வருகை, தும்மினால் சகுனம், துவண்டால் திருஷ்டி - இவற்றிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் அறிவொளி ஏற்றி வளர்த்துவிடலாம் என்று எண்ணுவது இளமைக்கு இயல்பு. ஆயினும் நாம் போகவில்லை. போகாதிருந்ததில் கண்டதைச் சொல்கிறோம்.

மன்னார்குடிக்குத் தெற்கே, வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் இருக்கிறது நாம் வாழ்க்கைப்பட்ட வீடு. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கொல்லை. நாள்தோறும் பதினான்கு பேருக்கு உலை. காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது இடுப்பில் இருக்கும் ஒன்றரை வயதுப் பயலை எவர் கையில் கொடுப்பது என்ற கவலை நமக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எந்தக் கை முதலில் நீளும் என்பதில்தான் போட்டி. நான்கு வயது மகளுக்குச் சோறூட்டுபவர் மாமியார். கதை சொல்பவர் துணைவரின் பாட்டியார் - தெருவே 'அப்பாயி' என்றழைக்கும், எண்பதைக் கடந்த மூதாட்டி. சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய்க் கடலைமிட்டாய் வாங்கித் தருபவர் மாமனார். ஓரகத்தியின் பிள்ளைகள் மூவரும் நம் பிள்ளைகள் இருவரும் கூடத்தில் ஒரே பாயில் உறங்கும்போது எந்தக் கால் எந்தப் பிள்ளையுடையது என்று பிரித்தறிய முடியாது. நாற்பது பிள்ளைகளோடு தொண்டை வற்றப் பேசிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், வயிறு நிறைந்து, முகம் கழுவி, தலை வாரி நிற்கிறது நம் குழந்தை. நகரத்துத் தோழியர் சம்பளத்தில் பெரும்பங்கைக் காப்பகத்திற்குக் கொடுத்தும் நிம்மதி பெறாமல் தவிப்பதைக் கேட்கிறோம். இந்தச் செல்வத்தை வேண்டாம் என்று உதறிவிட நமக்கு மனமில்லை.

ஆனால் ஒருவர் மடியிலிருந்து மற்றொருவர் மடிக்குப் பிள்ளை மாறுகிற வீட்டில், ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு நோயும் மாறும்.

சென்ற ஆண்டு மாசித் திங்கள். நாத்தனார் தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்தார். ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. கண்ணாடி வளையல்கள் வந்திறங்கின. புளிச்சோற்றுக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் எத்தனை படி அரிசி என்று ஓரகத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகளின் முதுகில் நீர் கோத்த கொப்புளங்கள் ஐந்தாறு தென்பட்டன. நண்பகலுக்குள் முகத்திலும் வயிற்றிலும் பரவின. உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஆத்தா வந்திருக்கா" என்றார் அப்பாயி, கையெடுத்துக் கும்பிட்டார். வீடே கும்பிட்டது. அழையாத விருந்தாளிக்கு எத்தனை வரவேற்பு!

அரைமணி நேரத்தில் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டது. தாளிப்பு நின்றது. மருந்து கூடாது, ஊசி கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளியல் கூடாது. வெளியார் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பவர் வீட்டைவிட்டு வேறிடம் போய்த் தங்கக்கூடாது - மீறினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். சட்டசபை கூடாமலே சட்டங்கள் பிறந்தன.

தோழர்களே, இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி மூடநம்பிக்கை என்று வீசிவிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யவில்லை. வேப்பிலைக் கொத்து என்பது என்ன? "இங்கே தொற்று இருக்கிறது, நுழையாதே" என்று எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி மாட்டிய அறிவிப்புப் பலகை. தனிப்பாய், துவைத்த பருத்தித் துணி, இளநீர், மோர், கூழ் - இவற்றை எந்த மருத்துவர் மறுப்பார்? முன்னோர் பட்டறிந்து கண்டவை அவை. ஆனால் காய்ச்சலில் துவளும் பிள்ளைக்கு மருந்து தராதே என்பதும், சொறிந்த புண் சீழ்கொள்ளும்போதும் நீர் படவிடாதே என்பதும் எந்தப் பட்டறிவு? அங்கே பேசுவது அனுபவமன்று, அச்சம்.

அந்த அச்சத்திற்கும் காரணம் இருந்தது. அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் பெரியம்மை, தட்டம்மை, சின்னம்மை என வெவ்வேறு நோய்களை நம் மக்கள் அடக்கிவைத்திருந்தனர். பெரியம்மை ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. விட்டுவைத்தவரின் கண்களையும் பறித்தது. அத்தகைய கொடுமைக்கு ஒரு தெய்வத்தின் பெயரைச் சூட்டி, 'தாயே, தணிந்து போ' என்று கெஞ்சுவதைத் தவிர ஏழை எளியோர் என்செய்வர்? அந்த ஆத்தாளைத் தணித்தது பொங்கலுமன்று, பூச்சட்டியுமன்று. பசுவின் அம்மைப்பாலை மனிதர்க்குக் குத்தினால் பெரியம்மை அணுகாது என்று 1796-இல் இங்கிலாந்தின் ஜென்னர் காட்டினார். சென்னைக் கிண்டியில் 1899-இல் தோன்றிய கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாராகி இம்மாகாணமெங்கும் போயிற்று. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1975-இல்; உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். அப்பாயியின் இடக்கையில், தோளுக்குக் கீழே, காசளவு வட்டத் தழும்பு ஒன்று உண்டு. சிறுமியாய் இருந்தபோது அம்மை குத்தியதன் அடையாளம். ஆத்தாளைக் கும்பிட உயர்ந்த அதே கையில்தான் இருக்கிறது அது!

அன்று மாலையே நாமும் துணைவரும் மகளைப் போர்வையில் சுற்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். "ஆத்தாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதா!" என்று மாமியார் அழுதார், தடுக்கவில்லை. மருத்துவர் இளம்பெண், நம் வயதே இருக்கும். சின்னம்மை என்றார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது, அரிப்புக்குக் காலமைன், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நாள்தோறும் குளிப்பாட்டுங்கள் என்றார். எழுந்தோம். "சற்றிருங்கள். வீட்டில் கருவுற்றவர் யாரேனும் உண்டா?" என்று கேட்டார்.

சிறுவயதில் சின்னம்மை கண்டவராயிருந்தால் அஞ்ச வேண்டியதில்லையாம். காணாதவராயின், கருவுற்ற தாயின் நுரையீரலை அது தாக்கக்கூடும். பேறுகாலத்தையொட்டி வந்தால் பச்சிளங் குழந்தையின் உயிருக்கே கேடாகலாம். கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். அதுவரை நாத்தனார் வேறு வீட்டில் தங்கட்டும் என்றார்.

வீடு திரும்பிக் கேட்டோம். "ஆறு வயசுலேயே அவளுக்கு வந்து போயிடுச்சு" என்றார் மாமியார். "அது மணல்வாரிடி. இது இல்ல" என்றார் அப்பாயி. இருபது ஆண்டுக்கு முந்திய நோய். ஏட்டில் குறிப்பில்லை. நம் நாட்டில் தாய்மாரின் நினைவுதானே மருத்துவப் பதிவேடு! அந்தப் பதிவேடுகள் இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது? இரத்தம் தஞ்சைக்குப் போய் முடிவு வர மூன்று நாள் ஆகும். மன்னார்குடியில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே அனுப்புவோம் என்றார் துணைவர்.

வந்தது வினை! "ஆத்தா இருக்கிற வீட்டை விட்டு வாயும் வயிறுமா இருக்கிறவளை அனுப்பறதா? ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?" என்று மாமியார் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். ஜென்னரைச் சொன்னோம். மருத்துவர் சொன்னதைச் சொன்னோம். மேடையில் கைதட்டல் பெறும் வாதங்கள் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. நாத்தனார் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து விழித்தார். விளக்கு வைக்கும் நேரம். யாரும் விளக்கேற்றவில்லை.

அப்பாயி மெல்ல எழுந்து வந்தார். "அந்த டாக்டரம்மா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னா சொன்னாங்க?" என்று நம்மிடம் கேட்டார். "ஆமாம் அப்பாயி. வந்தா ஆபத்துன்னாங்க" என்றோம். சிறிது நேரம் வேப்பிலைக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் தோளைத் தொட்டு, "நீ போ ஆயி. ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். என்னைத்தானே கேப்பா? கேக்கட்டும்" என்றார். மாமியார் நகர்ந்து வழிவிட்டார்.

அப்பாயி அன்று பகுத்தறிவுவாதியாகிவிட்டார் என்று நாம் சொல்லவில்லை. அன்றிரவும் ஆத்தாளைக் கும்பிட்டார், மன்னிப்பும் கேட்டிருப்பார். ஆனால் நம்பிக்கை ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம் என்று நின்றபோது அவர் எந்தப் பக்கம் வந்தார் என்பதை நாம் கண்ணால் கண்டோம். கிழவிகளோடு வாதாடி அலுத்த தோழர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

முடிவு வந்தது: நோயை எதிர்க்கும் சக்தி இரத்தத்தில் முன்பே இருந்தது. மாமியாரின் பதிவேடே சரி. நாத்தனார் திரும்பி வந்தார்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. மாமனாரின் தமையனாருக்கு முதுகில் அக்கி கண்டிருந்தது. மண்பாண்டம் செய்யும் பெரியவர் ஒருவர் வந்து, காவியைக் குழைத்து, அக்கியின் மேல் சிங்கம் ஒன்று எழுதிவிட்டுப் போயிருந்தார். நம் மகளுக்கு அந்தச் சிங்கத்தின்மேல் கொள்ளை ஆசை. "பெரிய தாத்தா, சிங்கத்தைக் காட்டு" என்று திண்ணையில் ஏறி விரலால் அதைத் தடவுவாள். அவரும் முதுகை வளைத்துக் காட்டுவார். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் நோய் நீங்கிய பிறகும் நரம்புகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழும். அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை காணாத பிள்ளைக்குச் சின்னம்மை வரும். அக்கிக்குக் காவி, அம்மைக்கு வேப்பிலை என்று இரண்டு சாமான் வைத்திருந்த வீட்டிற்கு, இரண்டும் ஒன்றே என்ற செய்தி இடிபோல் இறங்கிற்று. பெரியவர் மனமொடிந்து போனார். பிள்ளையிருக்கும் பக்கமே வரவில்லை. அவளோ படுக்கையிலிருந்தபடி, "எனக்கும் சிங்கம் வரையச் சொல்லு தாத்தா" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

இரவுகள்தாம் கடினம். பிள்ளை தூக்கத்தில் சொறிந்துவிடாதபடி காவலிருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்தக் காவல் பெண்களுக்கே எழுதிவைத்தது. துணைவர் பாதி இரவைத் தமதாக்கிக்கொண்டார். வேப்பங்கொத்தால் வீசியபடி ஆண்மகன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பக்கத்து வீட்டார் நகைத்தனர், நகைக்கட்டும். கடல் கடந்து வேறொரு தந்தை இப்படிக் கண்விழித்த கதையைத்தான் அவ்விரவுகளில் நாம் பேசிக்கொண்டோம். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தாக்கஹாஷி 1960-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சியிலிருந்தபோது, அவருடைய சிறு மகனுக்குச் சின்னம்மை கடுமையாகக் கண்டது. மகன் பட்ட பாட்டைப் பார்த்தவர் நாடு திரும்பி உழைத்து, 1974-இல் சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டார். தட்டம்மைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள் மற்றொன்று என அரசு இலவசமாக ஊசி போடுகிறது. சின்னம்மை ஊசியோ நாம் விசாரித்தபோது காசு கொடுத்துப் போடுவதாகவே இருந்தது. தொற்றிய சில நாள்களுக்குள் போட்டாலும் பயனுண்டு என்றனர், இளையவனுக்காகத் தேடினோம், உரிய நாளுக்குள் கைக்கு எட்டவில்லை.

ஆகவே நாட்காட்டியை எடுத்தோம். ஓரகத்தியின் மூத்த மகன் எட்டாம் வகுப்பு மாணவன். அவனை உட்கார வைத்து, மகளுக்குக் கொப்புளம் கண்ட நாளிலிருந்து பத்தாம் நாளையும் இருபத்தோராம் நாளையும் வட்டமிடச் சொன்னோம். தம்பிக்கு வருமானால் இவ்விரு வட்டத்திற்கும் இடையில் வரும் என்றோம். பதினைந்தாம் நாள் தம்பியின் வயிற்றில் முதற் கொப்புளம் தோன்றிற்று. பயல் நாட்காட்டியை ஏந்திக்கொண்டு வீடு முழுதும் ஓடினான். "ஆத்தா தேதி பாத்துத்தான் வருவாளா அப்பாயி?" என்று கேட்டான். "போடா" என்றார் அப்பாயி. வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசிப் பொருக்கும் உதிர்ந்த பின்னர், ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. நாள் குறித்தவன் அந்தப் பயலே. பஞ்சாங்கத்திற்கு அன்று வேலையில்லை. கணவரை இழந்து முப்பது ஆண்டாகிவிட்ட அப்பாயி, வழக்கம்போல அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். நாத்தனார் மணையிலிருந்து கையை அந்தப் பக்கம் நீட்டி, "நீதானே என்னை அனுப்பினே. நீ வந்து போடு அப்பாயி" என்றார். உறவுப் பெண்டிர் இருவர் முணுமுணுத்தனர். அப்பாயி வந்தார். கை நடுங்கிற்று, முதல் வளையல் உடைந்தது, இரண்டாவதும் உடைந்தது, மூன்றாவது ஏறிற்று. கூடம் ஒரு கணம் அடங்கியிருந்தது. "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்" என்றார் திண்ணையிலிருந்து பெரியவர். பிள்ளைகள் காலில் குத்திவிடப் போகிறதே என்று மாமியார் துடைப்பத்தை எடுத்துவந்து, உடைந்த துண்டுகளைப் பெருக்கி அள்ளினார்.