தாழ்ந்த குரலிற் கேட்ட பேரொலி

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டு வந்தபொழுது, அவர்கள் எதிர்பார்த்தது கல்லூரி நாட்களைப் பற்றிய நினைவுகளையே. அவற்றை என்னினும் நன்றாக எழுதக்கூடியோர் பலர் நம் சங்கத்தில் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் இருந்து இளைப்பாறிய ஒருவன் சினிமாவையும், அதனினும் கேடாக, 'ஹெவி மெற்றல்' என்னும் மேனாட்டு இரைச்சலையும் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் முகஞ்சுளிப்பர் என்பதை அறிவேன். அவ்வாறு முகஞ்சுளித்தோரில் முதல்வன் நானே ஆதலின், அவர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை.

சினிமாப் பித்து எனக்கு விடுதியில் இருந்த நாட்களிலேயே தொடங்கியது. அறுபதுகளில் நம் பட்டணத்துத் திரையரங்குகளில் புதுப்படம் வராத கிழமைகளில் பழைய படங்களை மீண்டும் ஓட்டுவார்கள். 1948ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசன் வெளியிட்ட 'சந்திரலேகா'வை நான் கண்டது அவ்வாறுதான். ரஞ்சனுடைய வாட்போரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. என் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது அந்த முரசு நடனமே. ஆள் ஒளியக்கூடிய பெருமுரசுகள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின்மீது நங்கையர் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளைத் திறந்துகொண்டு உள்ளே மறைந்திருந்த வீரர்கள் பாய்கின்றனர். வடமோடிக் கூத்திலே விடியும்வரை மத்தளம் முழங்கக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்றாலும் என்னை ரசிகனாக்கிய படம் 'அந்த நாள்'. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கியது. வீணை வித்துவானாகப் பெரும்புகழ் பெற்ற அவரே ஒரு பாட்டும் இல்லாத படத்தை எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. 1943இல் ஜப்பானியர் சென்னையிற் குண்டு வீசிய காலத்தில் ஒருவன் கொலையுண்கிறான். யார் கொன்றிருக்கலாம் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுகின்றனர். இப்படத்தை என் தகப்பனாரோடு பார்த்தேன். வீடு திரும்பும் வழியில் அவர் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தபோது, தாம் கரையில் நின்று முழக்கத்தைக் கேட்டதையே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பின்னர் பேராதனையில் இருந்தபொழுது லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்களின் 'நிதானய' (1972) வெளிவந்தது. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த நான் அதை மூன்று முறை பார்த்தேன். தொழிலில் அமர்ந்ததும் சேகரிக்கத் தொடங்கினேன். திரையரங்கு வாயிலில் விற்கும் பாட்டுப் புத்தகங்கள், பழைய இசைத்தட்டுகள், பார்த்த படங்களைத் திகதியிட்டுக் குறித்த பதினொரு அப்பியாசக் கொப்பிகள்: இவையே என் ஆதனம். அவற்றைத் தொடுவதற்கு வீட்டில் ஒருவருக்கும் அனுமதி இருந்ததில்லை.

என் மகனும் நம் கல்லூரி மாணவனே. 1996இல் அவனுக்குப் பதினேழு வயது. எங்கள் வீடு அப்போது கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருந்தது. இரவில் நாய் குரைத்தாலே விளக்கை அணைத்துவிடும் காலம் அது. கொழும்பிலிருந்து வந்த ஒரு நண்பன் பதிவுசெய்து கொடுத்த கசெற் ஒன்றை அவன் இரவுதோறும் கேட்பான். சத்தம் வெளியே போனால் யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயம் எனக்கு. ஆகையால், ஒலியை ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஒலிபெருக்கியிலே காதை ஒட்டிக்கொண்டு கேட்பான். கல்லடிப் பாலத்தருகே பூரணை இரவுகளில் தோணிக்காரர் துடுப்பின் நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதோடு சேர்த்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அதே நிலை. விபுலாநந்த அடிகள் நீரரமகளிரின் இன்னிசையாகப் பாடிய அந்த ஒலியும் எவ்வளவு மெல்லியது! உலகத்திலேயே உரத்த சங்கீதத்தை உலகத்திலேயே மெதுவாகக் கேட்டவன் என் மகனாகத்தான் இருப்பான்.

ஒரு நாள் இரவு அவன் கண்ணயர்ந்துவிட்டான். விசை எப்படியோ திரும்பிவிட்டது. தெருவில் வாகனம் ஒன்று மெதுவாகச் சென்றுகொண்டிருந்த வேளை. நான் ஓடிச் சென்று கருவியை நிறுத்தி, கசெற்றை எடுத்து, அதன் நாடாவை முழுவதும் உருவி அறுத்தேன். நிறுத்தியதே போதுமானது. உருவியது பயத்தினால் அன்று. நெடுநாளாக உள்ளிருந்த வெறுப்பினால். அவன் ஒன்றும் சொல்லவில்லை. 1999இல் இலண்டனுக்குப் புறப்படும்வரை சங்கீதத்தைப் பற்றி எனக்கும் அவனுக்கும் பேச்சிருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நானும் மனைவியும் அன்று காலை பட்டணத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்ததாற் பிழைத்தோம். வீட்டில் சுவரும் இல்லை. அயலில் மனிதரையே இழந்தவர்கள் இருக்கையில் பாட்டுப் புத்தகம் போனதைப் பற்றிப் பேச நாக்கூசியது. ஆனால், இரண்டு மாதங்களின் பின் இலண்டனிலிருந்து பொதி ஒன்று வந்தது. உள்ளே 'சந்திரலேகா', 'அந்த நாள்', 'ஹரிதாஸ்' முதலிய பதினான்கு படங்களின் இறுவட்டுகள் இருந்தன. என் கொப்பிகளை ஒருவரும் தொடுவதில்லை என்று நினைத்திருந்தேன். மகன் அவற்றைத் திருட்டுத்தனமாகப் படித்து, நான் அடிக்கோடிட்ட படங்களை நினைவில் வைத்திருந்தான்.

அன்று தொலைபேசியில் அவனை அழைத்து, "அந்தக் கசெற்றில் இருந்தது என்ன?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு சொன்னான்: ஒரு பக்கம் 'பிளாக் சபத்' குழுவினரின் முதல் இசைத்தட்டு, மறுபக்கம் 'மெற்றாலிக்கா' குழுவினரின் சில பாட்டுகள். அனுப்பச் சொன்னேன்.

இனி நான் அறிந்துகொண்டவற்றைச் சொல்லுகிறேன். இவ்விசையின் பிறப்பே ஒரு திரைப்படத்தோடு தொடர்புடையது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் நான்கு இளைஞர்கள் பாடிப் பழகிய இடத்துக்கு எதிரே ஒரு திரையரங்கு. அங்கே மரியோ பாவா என்னும் இத்தாலியர் 1963இல் எடுத்த 'பிளாக் சபத்' என்ற திகிற்படம் ஓடியது. பயப்படுவதற்காகச் சனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்பதை அவர்கள் கண்டனர். படத்தின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டனர். முதல் இசைத்தட்டின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிந்தனர். 1970 பெப்ரவரி 13ஆம் திகதி வெளிவந்தது. மழை பெய்கிறது, தொலைவில் மணி அடிக்கிறது, பின்பு கிற்றாரில் மூன்றே சுரங்கள். ஆதார சட்சம், மேற்சட்சம், பிரதி மத்திமம். சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலான தூரத்தை மேனாட்டார் சாத்தானுக்குரியது என்று கருதியதுண்டாம். நம் மேளகர்த்தா 72இற் சரிபாதி பிரதி மத்திம இராகங்கள். கல்யாணியைக் கேட்டு நாம் நடுங்குவதில்லை. ஆயினும் அந்த மூன்று சுரங்களை இவர்கள் வைத்த இடத்தில், இழுத்த இழுப்பில், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கிற்றார் வாசித்த ரொனி அயொமி, பதினேழு வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த கடைசி நாளில், வலக்கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கை வாசிப்பினர் ஆதலால் தந்தியை அழுத்த வேண்டியது அந்தக் கையே. தீவிபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பின்னும் மேதையாக விளங்கிய ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஒருவர் அவருக்குக் கேட்பித்தார். அயொமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரற்கவசம் செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டினார். 1971இல் வந்த மூன்றாம் இசைத்தட்டிலே தந்திகளை மேலும் தளர்த்திச் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். இன்று உலகெங்கும் 'மெற்றல்' என்றால் அந்தக் கனத்த தாழ்குரலே.

மறுபக்கத்துப் பாட்டுகளில் 'ஒன்' என்பது ஒன்று; 1988இல் வெளியானது. டோல்ற்றன் றம்போ 1939இல் தாம் எழுதிய நாவலைத் தாமே 1971இற் படமாக்கினார். முதலாம் உலகப் போரிற் கை, கால், கண், செவி, வாய் யாவும் இழந்து, அறிவு மட்டும் எஞ்சிய ஒரு போர்வீரன், தலையை அசைத்துத் தந்திக் குறிகளால் வெளியுலகோடு பேச முயல்கிறான். பாட்டு அந்தக் கதையே. அதன் ஒளிப்படத்தில் அத்திரைப்படக் காட்சிகளையே சேர்த்திருக்கிறார்கள். மெதுவாகத் தொடங்கி, இடையில் மேளம் இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கிறது. அந்த இடம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் அச்சத்தத்தைக் காசு கொடுத்துக் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. "இதை எப்படி அந்த நாட்களிற் கேட்டாய்?" என்று மகனிடம் கேட்டேன்.

"வெளியிலே கேட்ட சத்தத்தை என்னால் நிறுத்த ஏலாது அப்பா. இதை நான் நினைத்த நேரம் நிறுத்தலாம்" என்றான்.

அதன்பின் அப்பாட்டை முழுவதும் கேட்டேன். இசைத்தட்டை முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே இருப்பில் கேட்கவேண்டும் என்பது என் கட்சி. ஒரு பாட்டைப் பொறுக்கிக் கேட்பது, கூத்து நடக்கும்போது களரியை எட்டிப்பார்த்துவிட்டுக் கடலை வாங்கப் போவதற்குச் சமம். எல்லாக் குழுவினரும் எனக்கு உகந்தவர் அல்லர். 'அயன் மெய்டன்' குழுவினர் 1968ஆம் ஆண்டுப் போர்ப்படம் ஒன்றின் பெயரிலேயே பாட்டு இயற்றியிருந்தும் அவர்களுடைய குதிரைப் பாய்ச்சல் எனக்குக் களைப்பையே தருகிறது. மெற்றாலிக்காவினரோ ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்பு, 1966இல் வந்த ஓர் இத்தாலியக் குதிரைவீரர் படத்துக்கு எனியோ மொறிக்கோனே அமைத்த இசையை ஒலிக்கவிடுகின்றனர். பழைய படத்தை வணங்கி மேடையேறுவோரை நான் எப்படி வெறுப்பேன்?

2012இல் மகன் வந்திருந்தான். படுவான்கரையிலிருந்து என் பள்ளித்தோழர் ஒருவரும் வந்தார். கூத்துக்கு மத்தளம் அடித்தவர். நெல் ஆலையில் வலக்கை விரல்கள் இரண்டு போன பின் மத்தளத்தைத் தொடாதவர். மகன் அயொமியின் கதையைச் சொல்லி இசைத்தட்டையும் போட்டான். தோழர் கண்ணை மூடிக் கேட்டார். "மேளக்காரன் நல்ல அண்ணாவியிட்டப் பழகியிருக்கான்" என்றார். பிறகு தம் கையைப் பார்த்துவிட்டு, "அவன் கம்பியத் தளத்தினான் மனே. மத்தள வாரத் தளத்தினா மறுகா அது செத்துப் போயிரும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் மறுபடி மத்தளம் அடிக்கவில்லை; ஆனால் அன்று மாலை முழுவதும் மீதி விரல்கள் கதிரைக் கையில் தாளமிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2025 யூலை 5ஆம் திகதி பேர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசி முறையாகக் கூடினர். நிற்க இயலாத நிலையில் இருந்த பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடினார். பதினேழு நாட்களில், 22ஆம் திகதி, காலமானார். மகன் அங்கே போயிருந்தான். நம் ஊரில் நடுச்சாமம் கடந்திருந்தது. தொலைபேசி அடித்தது. அவன் ஒன்றும் பேசாமல் கருவியை உயர்த்திப் பிடித்திருக்கிறான் என்பது இரைச்சலிலிருந்து தெரிந்தது. நான் இருட்டில் எழுந்து உட்கார்ந்து, அதைக் காதோடு சேர்த்துக்கொண்டேன். மனைவி விழித்து, "இந்த நேரத்தில் இதென்ன சத்தம்? அயலார் எழும்பப் போகினம்" என்றாள். ஒலியை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி, முடியும்வரை கேட்டேன்.