ஏரி காத்த ராமரும் எங்க ஊர் ஏரிக்கரையும்

சிட்டியில இருந்து எனக்குப் போன் பண்றவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் கேப்பாங்க. ஒண்ணு, இந்தப் போகத்துல அரிசி இருக்கா. இன்னொண்ணு, “ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட அந்தப் பக்கம் வர்றோம், மாமல்லபுரம் எல்லாம் பார்த்தாச்சு, வித்தியாசமா ஏதாவது கோயில் இருந்தா சொல்லுங்க.” அரிசிக்குப் பதில் சொல்றது சுலபம். கோயிலுக்குப் போன்ல சொன்னா அரைமணி ஆயிடுது. அதான் இங்கேயே எழுதிடலாம்னு.

காட்டாங்குளத்தூர்ல இருந்து ரயில்ல ரெண்டாவது ஸ்டேஷன் சிங்கப்பெருமாள்கோயில். ஊருக்கே பேரு கோயிலாலதான் வந்தது. பல்லவர் காலத்துக் குடைவரை. மலைப்பாறையைக் குடைஞ்சு, அந்தப் பாறையிலேயே நரசிம்மரைச் செதுக்கி இருக்காங்க. நல்ல பெரிய உருவம். இவருக்கு நெத்தியில மூணாவது கண்ணு உண்டு. சிவனுக்குத்தானே நெத்திக்கண்ணு, பெருமாளுக்கு ஏதுன்னு கேக்காதீங்க. பட்டர் கற்பூரம் காட்டி, நாமத்தை லேசா விலக்கிக் காட்டுவார், நீங்களே பாருங்க. இன்னொரு விசேஷம், சாமி வேற மலை வேற இல்லைங்கிறதால, அவரைச் சுத்தி வரணும்னா மலையையே சுத்தி வரணும். பின்னாடி அழிஞ்சில் மரம் ஒண்ணு இருக்கு, வேண்டுதல் உள்ளவங்க கட்டிவிட்டுப் போவாங்க.

அங்க இருந்து செங்கல்பட்டு போய், கிழக்கே திரும்பினா திருக்கழுக்குன்றம். ஐநூறு படிக்கு மேல ஏறணும், முட்டிவலிக்காரங்க யோசிச்சுக்குங்க. மலை மேல வேதகிரீஸ்வரர், கீழே பக்தவத்சலேஸ்வரர். என் வயசுக்காரங்க எல்லாருக்கும் இந்தக் கோயில்னா கழுகுதான் ஞாபகம். உச்சிவேளையில ரெண்டே ரெண்டு கழுகு வரும். பண்டாரம் பாறையில உக்காந்து சர்க்கரைப் பொங்கலை வச்சுக்கிட்டுக் காத்திருப்பார். வந்து சாப்பிட்டுப் பறந்து போயிடும். அதைப் பார்க்கிறதுக்குன்னே வெயில்ல பாறை சுட சுடக் கூட்டம் நிக்கும்.

கதை என்னன்னா, சாபம் வாங்கின எட்டுப் பேர் யுகத்துக்கு ரெண்டு பேரா கழுகாப் பிறந்து இங்க பூஜை பண்றாங்க. திரேதா யுகத்து ஜோடி சம்பாதியும் ஜடாயுவுமாம். கலியுகத்து ஜோடி காலையில கங்கையில குளிச்சிட்டு, மத்தியானம் இங்க சாப்பிட்டுட்டு, சாயங்காலம் ராமேஸ்வரம் போகும்னு சொல்வாங்க.

1990-கள் கடைசியோட அந்த வரவு நின்னு போச்சு. “கலி முத்திடுச்சு”ன்னு பெரியவங்க சொன்னாங்க. அந்தப் பறவையைப் பாறு, மஞ்சள்முகப் பாறுன்னு பறவை ஆளுங்க சொல்றாங்க. கோயிலுக்கு வந்தது மட்டும் நிக்கல, நாடு முழுக்கவே பாறு இனங்கள் அந்த வருஷங்கள்லதான் கொத்துக் கொத்தா அழிஞ்சுது. பெரிய காரணம், மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுற டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அந்த இறைச்சியைத் தின்ன பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போகுது. 2006-ல் மாட்டுக்கு அதைப் போடக்கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுது. மெலாக்சிகாம்னு மாத்து மருந்து இருக்கு, பாறுக்குக் கெடுதல் பண்ணாது. மாடு வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, டாக்டர்கிட்ட மருந்துப் பேரைக் கேட்டுப் போடச் சொல்லுங்க. எனக்கு இதுல கலியை விட மாட்டுக்கொட்டகைதான் தெரியுது. கைலாசத்துக்குப் போற வழி தெரிஞ்ச பறவைக்கும் சோறு நம்ம கொட்டகையில இருந்துதான் போயிருக்கு.

இனி மூணாவது கோயில். எனக்கு ரொம்ப நெருக்கமானது இதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டுல நேரா தெக்கே போனா மதுராந்தகம். பஸ்ல போறப்போ கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி தெரியுமே, அந்த ஏரிதான். உத்தம சோழனுக்கு மதுராந்தகன்னு ஒரு பேர் உண்டு, ஏரி அவன் காலத்துதுன்னு சொல்வாங்க. ஏரிக்குப் பக்கத்துலயே கோதண்டராமர் கோயில். ராமானுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் பண்ணி வச்ச இடமும் இதுதான், அந்த மகிழமரத்தைக் காட்டுவாங்க. ஆனா ஊர் ஜனங்க வாயில சாமி பேரு “ஏரி காத்த ராமர்”.

1790-கள்ல இந்தச் சீமை கும்பினியோட ஜாகீர். கலெக்டர் லியோனல் பிளேஸ்னு ஒரு துரை. ஏரிக்கரை மழைக்கு மழை உடைஞ்சுக்கிட்டே இருந்ததாம். துரை கரையைப் பார்க்க வந்து தங்கினப்போ, கோயில் பட்டர்கள் போய், தாயாருக்கு ஒரு சன்னதி கட்டணும், உதவி பண்ணுங்கன்னு கேட்டாங்க. “வருஷா வருஷம் ஏரி உடையுது, அதைக் காப்பாத்தாத சாமிக்குக் கட்டடம் ஒரு கேடா? இந்த வருஷம் கரை நின்னா நானே கட்டித் தர்றேன்”ன்னு துரை சொல்லிட்டார். அப்புறம் ஒரு ராத்திரி பேய்மழை. கரை போயிடும்னு துரை குடையோட ஓடினார். பார்த்தா, ரெண்டு வாலிபப் பசங்க, கையில வில் அம்பு, பளீர்னு ஒரு வெளிச்சத்தோட கரை மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டு இருக்காங்க. துரை அப்படியே மண்டி போட்டுட்டார். கரை நின்னுது. ஜனகவல்லித் தாயார் சன்னதியை அவர்தான் கட்டிக் கொடுத்தார். இந்தத் தர்மம் கலெக்டர் பிளேஸ் துரையோடதுன்னு அங்க தமிழ்லயே கல்லுல வெட்டி வச்சிருக்கு. நீங்க போனா கேட்டுப் பாருங்க, காட்டுவாங்க.

ராமர் வந்தாரா இல்லையாங்கிற விவாதத்துக்கு நான் வரல. ஏரிப் பாசனக்காரனுக்கு இந்தக் கதையில வேற ஒண்ணு கண்ணுல படும். பட்டர் கேட்டது சன்னதி, துரை பேசினது கரை. ரெண்டும் ஒரே காசுக்குப் போட்டி போடுதுன்னு துரை நினைச்சார். ஆனா அதுக்கு முன்னாடி நம்ம சீமையில அப்படி இல்ல. 1767-ல் இருந்து 1774 வரைக்கும் பர்னார்டுன்னு ஒரு இஞ்சினியர் செங்கல்பட்டு ஜாகீர்ல ஏறக்குறைய 2,000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைப் பார்த்தா, களத்துல நெல்லைக் குவிச்சதும், சர்க்காரும் குடியானவனும் பங்கு பிரிக்கிறதுக்கு முன்னாடியே சில பங்கை எடுத்து வச்சுடறாங்க. கோயிலுக்கு, ஏரிக்கு, கொல்லனுக்கு, தச்சனுக்கு, வெட்டியானுக்குன்னு. சாமியும் ஏரியும் ஒரே குவியல்ல இருந்துதான் சாப்பிட்டிருக்காங்க. 1780-ல் ஹைதர் அலி படை வந்து ஊரெல்லாம் பாழாச்சு. அப்புறம் கும்பினிக் கணக்கு வந்தது. ஏரியோட பங்கு மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. யார் பங்கும் இல்லாத ஏரிக்கு ராமரைத்தான் கூப்பிட வேண்டி இருந்தது.

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர். எங்க ஊர் ஏரி சின்னது. கலங்கல்ல தண்ணி ரெண்டடி உசரத்துக்குப் போகுது, கரையில ஒரு இடத்துல மண்ணு கரைய ஆரம்பிச்சிடுச்சு. கரண்ட் இல்ல. நாங்க பத்துப் பதினஞ்சு பேர், எல்லாம் அம்பது வயசுக்கு மேல, உரச்சாக்குல மண்ணை ரொப்பிப் போட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு காலத்துல ஏரின்னா வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு நீர்க்கட்டி தமுக்கு அடிப்பார். இப்போ நீர்க்கட்டியும் இல்ல, வர்றதுக்கு வயல்காரனும் இல்ல. மதகுக்குக் கீழே பாதி நஞ்சை பிளாட் ஆயிடுச்சு.

நடுராத்திரி இருக்கும், கரையோட அந்தக் கோடியில ரெண்டு வெளிச்சம் ஆடி ஆடி வருது. பெரியப்பா மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு, “டேய், யார்ரா அது”ன்னாரு. அவர் மனசுல என்ன ஓடிச்சுன்னு எனக்குத் தெரியும். கிட்ட வந்தா, ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற ரெண்டு பசங்க, கையில செல்போன் டார்ச். “அங்கிள், நாங்க இருக்கிற வீடு கீழதான் இருக்கு, கரை உடைஞ்சா முதல்ல எங்களுக்குத்தானே”ன்னாங்க. ஒருத்தனுக்குத் தமிழ் சரியா வரல. விடியற வரைக்கும் சாக்கு தூக்கினாங்க. கரை நின்னுது.

அந்தப் பையன் சொன்னதுதான் சரியான கணக்கு. முன்னே ஏரி உடைஞ்சா எங்க நெல்லு போகும். இப்போ கீழே இருக்கிறது உங்க வீடு. காட்டாங்குளத்தூர், பொத்தேரின்னு ஊர்ப் பேர்லயே குளமும் ஏரியும் இருக்கு. பிளாட் விக்கிறவங்க அதைச் சொல்ல மாட்டாங்க. மதகு எங்க, கலங்கல் எங்க, கலங்கல்ல இருந்து போற தண்ணி எந்தத் தெரு வழியா போகும்னு குடி வந்தவங்க தெரிஞ்சு வச்சுக்கணும். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் மனப்பாடம், கேட்டா சொல்லுவோம். நாங்க போயிட்டா யாரைக் கேப்பீங்க?

மதுராந்தகம் போறவங்க ஐப்பசி, கார்த்திகையில போங்க. ஏரி ரொம்பி இருக்கும். தரிசனம் முடிஞ்சதும் நேரா கார்ல ஏறிடாதீங்க. கரை மேல கொஞ்ச தூரம் நடந்துட்டு வாங்க, பிள்ளைங்களுக்கு மதகைக் காட்டுங்க. நவரைக்கு நாத்து விட்டிருக்கேன். அரிசி கேட்டவங்க சித்திரைக்கு அப்புறம் போன் பண்ணுங்க.