பருவம் என்ற சொல்லும் பெண்களின் கோல்ஃபும்

தமிழில் ‘பருவம்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மழை, வெயில், பனி என ஆண்டைப் பகுத்துக் காட்டுகிறது. கல்லூரியில் ஆறு மாதப் படிப்பைக் குறிக்கிறது. ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது அதே சொல் அவளுடைய வயதாகிவிடுகிறது. அதுவும் ஒரே முறை வருகிற, தவறவிட்டால் திரும்பாத வயது. விளையாட்டுலகில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஆண்டு முழுவதும் ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடரையும் பருவம் என்கிறோம், பேச்சில் சீசன். மற்றப் பொருள்களைவிட இப்பொருள் பெண்களிடம் பரிவு மிக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களின் தொழில்முறை கோல்ஃபைப் பின்தொடர்ந்ததால் விளைந்த எண்ணம் இது.

நான் கோல்ஃப் ஆடியவள் அல்லேன். கச்சிபௌலியில் எங்கள் வளாகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், தக்காணப் பாறைகளுக்கு நடுவே, போல்டர் ஹில்ஸ் என்ற 18 குழி மைதானம் இருக்கிறது. மதிலுக்கு இப்பால் நிற்கும் எங்களுக்கு அது பசும்புல்லாகவும் பணமாகவும் மட்டுமே தெரியும். அந்தப் பணக்கார ஆட்டத்திலும் மாதச் செலவை எண்ணிப் பார்க்கும் பெண்கள் உண்டு என்பதை மதிப்பெண் பட்டியல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகே அறிந்தேன்.

நம்மில் பலர் அதிதி அசோக்கை அறிந்தது 2021 ஆகஸ்ட் 7 அன்று காலை. டோக்கியோ ஒலிம்பிக்கில், உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்த பெங்களூரு பெண், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாய். கோல்ஃப் விதிகளை அறியாத வீடுகளிலும் அன்று தொலைக்காட்சி ஓடியது. மாலையில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்றார், கோல்ஃப் மறந்துபோயிற்று.

ஆனால் அதிதியின் தொழில் அந்தக் காலைப்பொழுதில் இல்லை. அவருடைய 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் கென்யாவில் ஐரோப்பியச் சுற்றின் பட்டத்தை வென்றார். ஏப்ரல் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில், மூவர் மோதிய பிளே-ஆஃபில் ஹன்னா கிரீனிடம் தோற்று, தம் முதல் எல்பிஜிஏ பட்டத்தைத் தவறவிட்டார். அக்டோபர் முதல் நாள், ஹாங்சோ ஆசிய விளையாட்டின் கடைசிச் சுற்றை ஏழு அடி முன்னிலையுடன் தொடங்கி, 77 அடிகள் எடுத்து, தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் பதக்கம் அது. எனினும் பலர் பேசியது ‘கைநழுவிய தங்கம்’ பற்றித்தான். நவம்பரில் ஸ்பெயினில் மீண்டும் ஒரு பட்டம் வென்றார். அதை எத்தனை பேர் கவனித்தோம்?

இதில் ஒரு விந்தை உண்டு. நாம் அவரைக் கூர்ந்து பார்த்த இரண்டு நாள்களிலும், டோக்கியோவிலும் ஹாங்சோவிலும், போட்டிப் பரிசுத்தொகை கிடையாது. அவருக்கு ஊதியம் தந்த வாரங்களை நாம் பார்க்கவில்லை. இதற்கு நம் சொல்லாட்சியும் ஒரு காரணம் என்று ஐயுறுகிறேன். ‘வீராங்கனை’ என்கிறோம். வீரமும் ‘அங்கனை’ என்ற பெண்ணும் சேர்ந்த சொல். வீரத்துக்குப் போர் வேண்டும். போருக்கு ஒரு நாள் போதும். உழைப்புக்கோ ஆண்டு முழுவதும் வேண்டும். கொடி ஏந்தும் நாளில் வீராங்கனையைத் தேடும் நாம், மற்ற நாள்களில் அவர் ஓர் உழைப்பாளி என்பதைச் சொல்ல ஒரு சொல்லைப் பழக்கத்தில் வைத்திருக்கவில்லை.

அந்த உழைப்பின் கணக்கு கடுமையானது. நான்கு நாள் போட்டிகளில் முதல் 36 குழிகளுக்குப் பின் ‘கட்’ என்ற கோடு விழும். அதற்குக் கீழே நிற்பவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் இல்லை. விமானக் கட்டணமும் தங்கும் செலவும் அவருடையவை. ஆண்டிறுதித் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் வராதவருக்கு மறு ஆண்டின் இடம் உறுதியில்லை. இந்தியாவில் பெண்கள் கோல்ஃப் சங்கம் நடத்தும் தொழில்முறைச் சுற்று, பெரும்பாலும் மூன்று நாள், 54 குழிப் போட்டிகளாகப் பல நகரங்களுக்குச் செல்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஸ்நேகா சிங் 2022இல் அமெச்சூராக இருந்தபோதே அச்சுற்றில் தொழில்முறையாளர்களை வென்றவர். அமெச்சூர் வென்றால் கோப்பை உண்டு, காசோலை இல்லை. பிறகு அவரும் தொழில்முறைக்கு மாறினார். ‘இதுவே என் பிழைப்பு’ என்று ஓர் இளம்பெண் ஊரறியச் சொல்வதுதான் அந்த மாற்றம்.

அப்படிச் சொல்லும் உரிமை எளிதில் வந்ததன்று. 1950இல் அமெரிக்காவில் 13 பெண்கள் எல்பிஜிஏவைத் தொடங்கினார்கள். தாங்களே கார் ஓட்டி ஊர் ஊராகச் சென்றார்கள். தாங்களே ஆடுகளத்தைத் தயார் செய்து, விதிகளைக் கண்காணித்து, ஆடவும் செய்தார்கள். அவர்கள் உண்டாக்கியது ஒரு வெற்றியை அன்று, ஒரு பருவத்தை. 2024இல் அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்ற யூகா சாசோ 24 லட்சம் டாலர் பெற்றார். அதே ஆண்டு ஆண்கள் ஓபனில் வென்றவருக்கு 43 லட்சம். இடைவெளி இன்னும் பெரிதுதான். ஆயினும் இரண்டும் ஒரே வகையான கணக்கு. உழைப்புக்கு ஊதியம் என்ற கணக்கு.

இதையெல்லாம் மொழியியல் ஆய்வு செய்பவள் ஏன் எழுதுகிறாள்? எனக்கு இது ஐந்தாம் ஆண்டு. முதல் ஈராண்டு இளநிலை உதவித்தொகை, மதிப்பீட்டுக்குப் பின் மூன்றாண்டு முதுநிலை உதவித்தொகை. அதன் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஊருக்குப் பேசும்போது அத்தை கேட்கிறார்: “இன்னும் எத்தனை வருஷம்மா? எல்லாத்துக்கும் ஒரு பருவம் இருக்குல்ல?” அவர் கேட்பதில் அன்பும் கவலையும் உண்டு, நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் என்னோடு ஆய்வில் சேர்ந்த ஆண் நண்பர்களிடம் அவர்களுடைய அத்தைமார் ‘வேலை எப்போது?’ என்று கேட்கிறார்கள். ‘பருவம்’ என்ற சொல்லை எடுப்பதில்லை.

ஆட்டக்காரரின் பருவத்தில் ஏழு அடி முன்னிலையை இழந்தவருக்கும் அடுத்த வாரம் ஒரு முதல் குழி காத்திருக்கிறது. தோல்வி அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே. அதன் கீழே இன்னும் இடம் இருக்கிறது. வீட்டில் பெண்ணுக்கென வைத்திருக்கும் பருவத்தில் அந்த இடம் இல்லை.

அகராதியில் இரண்டு பொருள்களும் அருகருகேதான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு பெண் படித்துக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருந்தால், எந்தப் பொருளில் அவளிடம் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.